காட்டேரிக்குப்பம்: இரண்டு காணியில் விடுபட்ட எட்டுக் குழி

வில்லியனூரைத் தாண்டி, பத்துக்கண்ணு வழியாக வடமேற்கே போனால் சங்கராபரணி ஆற்றுப் பகுதியின் வயல்வெளி தொடங்கிவிடுகிறது. சுத்துக்கேணிக்குப் பக்கத்து ஊர் காட்டேரிக்குப்பம். மண்ணாடிப்பட்டு கொம்யூனில் இருக்கிறது. அடுத்து லிங்காரெட்டிப்பாளையம், அங்கே பல ஆண்டுகளாக ஓடாமல் நிற்கும் கூட்டுறவு சர்க்கரை ஆலை. ஆலை ஓடிய நாளில் இந்தச் சாலையில் கரும்பு வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். இன்று சாலையின் இருபுறமும் அதிகம் கண்ணில் படுவது நெல்தான். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டமும் இந்தப் பக்கத்தில் பேச்சு வழக்கில் உள்ளவை.

மாசி மாதக் காலையில் வந்தால் நவரை நெல் தூர் கட்டி நிற்பதைப் பார்க்கலாம். வரப்பில் பனி காயும் முன்பே, பெரிய வண்டு இரைவது போல ஒரு சத்தம் கேட்கும். மருந்து தெளிக்கும் டிரோன். முதுகில் தெளிப்பானைச் சுமந்து, சேற்றில் கால் புதைய நடந்து, மருந்துப் புகையை மூச்சில் வாங்கிய காலம் மெல்ல மாறுகிறது. ஆள் கிடைக்காத நேரத்தில் அரைமணிக்குள் வேலை முடிகிறது. இதில் சந்தோஷப்படாத விவசாயி இல்லை.

ஆனால் ஒரு கேள்வி எல்லோரிடமும் இருக்கிறது. "டிரோன் வந்தது, சுற்றியது, போய்விட்டது. என் வயல் முழுக்க அடித்தார்களா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்?" அதற்கான பதில் டிரோனுக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு முறை பறக்கும்போதும் அது ஒரு கணக்கு எழுதுகிறது. எப்போது கிளம்பியது, எந்த வழியே போனது, எவ்வளவு உயரம், என்ன வேகம், பேட்டரி எவ்வளவு, மோட்டார் எப்போது ஓடியது என்று எல்லாம் பதிவாகிறது. இதற்குப் பறப்புப் பதிவு என்று பெயர். ஓட்டுபவர்கள் 'லாக்' என்பார்கள். அந்தக் கணக்கைச் சரியாகப் படிக்கத் தெரியாவிட்டால் சண்டை வரும். படிக்கத் தெரிந்தால் சண்டை தீரும். காட்டேரிக்குப்பம் வரப்பில் நடந்த ஒரு விவகாரம் இதற்கு நல்ல பாடம்.

வெளுத்துப்போன ஒரு பட்டை

இரண்டு காணி நவரை நெல். இலை சுருட்டுப் புழு தென்பட்டதால், மகளிர் சுய உதவிக் குழு ஒன்றின் டிரோனைக் கூலிக்குப் பேசி மருந்து அடித்தார் வயலுக்குச் சொந்தக்காரர். ஓட்டியவர் பயிற்சி பெற்ற இளம்பெண். பத்து நாள் கழித்து, விவசாயியின் அக்கா மகன் தன்னிடம் இருந்த சிறிய கேமரா டிரோனை வயலுக்கு மேலே பறக்கவிட்டுப் படம் எடுத்தார். கல்யாணப் படம் எடுப்பதற்காக வாங்கிய டிரோன் அது. படத்தில் வயல் பச்சையாக இருந்தது. நடுவில் மட்டும் வடக்கு தெற்காக, கோடு போட்டது போல ஒரு பட்டை வெளுத்துத் தெரிந்தது.

"இன்னாம்மா இது? நடுவுல மருந்தே படல போலிருக்கே" என்று போனில் கேட்டார் விவசாயி. "முழுக்க அடிச்சேன் பெரியப்பா. லாக் இருக்கு, கொண்டாந்து காட்டறேன்" என்றார் அந்தப் பெண்.

அவர் வந்து செல்போன் செயலியைத் திறந்தார். அதில் தெரிந்தது இரண்டே பறப்பு. மொத்தப் பரப்பு 10.3 என்று இருந்தது. நேரம் அதிகாலை 1 மணி 10 நிமிடம் என்று காட்டியது. விவசாயிக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ வந்தது காலையில. இது நடுராத்திரின்னு சொல்லுது. மூணு தடவை தொட்டி ரொப்புனே, இதுல ரெண்டுதான் இருக்கு. இந்த பத்தேகால்னா இன்னா கணக்கு? ஏக்கரா, காணியா?" இரண்டு காணிக்கும் திரும்ப மருந்து அடித்துத் தர வேண்டும், அதுவரை கூலி பாக்கியைத் தர முடியாது என்றார். கூலியை விட்டுக்கொடுத்தால் அந்தப் பெண்ணுக்குப் பேட்டரிச் செலவுகூடக் கட்டாது. மறுபடி முழு வயலுக்கும் அடித்தால் மருந்துச் செலவு இரட்டிப்பாகும். புழுவைத் தின்னும் சிலந்தியும் குளவியும் வீணாகச் சாகும்.

கடைசியில் வரப்பிலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு கோளாறாகப் பிரித்துப் பார்த்தார்கள்.

நடுராத்திரி நேரம்

முதலில் தீர்ந்தது நேரக் குழப்பம். டிரோனுக்கு நேரம் சொல்வது செயற்கைக்கோள். பல டிரோன்களின் உட்பதிவில் உலகப் பொது நேரமே எழுதப்படுகிறது. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. 1.10 உடன் 5.30 கூட்டினால் 6.40. அவர் வயலில் இறங்கியது காலை 6.40 மணிக்குத்தான்.

சில பதிவுகளில் 1970, 1980 என்று ஆண்டு காட்டும். அதைப் பார்த்துப் பதிவு பொய் என்று நினைக்க வேண்டாம். செயற்கைக்கோள் சிக்னல் கிடைக்கும் முன்பே பதிவு தொடங்கியிருக்கும். கருவிக்குத் தேதி தெரியாமல் தன் கணக்கின் முதல் நாளைப் போட்டிருக்கும். சிக்னல் கிடைக்கும்வரை ஓரிரு நிமிடம் பொறுத்துப் பறக்கவிட்டால் இது வராது.

மூன்றாவது பறப்பு எங்கே?

அடுத்தது காணாமல் போன மூன்றாவது பறப்பு. பதிவு ஒரே இடத்தில் இருப்பதில்லை என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். செயலி தன் பங்குக்குப் போனில் ஒரு பதிவு எழுதும். டிரோனின் மூளையான கட்டுப்பாட்டுக் கருவி தன் மெமரி கார்டில் வேறொரு பதிவு எழுதும். போன் சூடாகி நின்றாலும், அழைப்பு வந்து செயலி மூடிக்கொண்டாலும், பேட்டரி சேமிப்பு முறை செயலியை நிறுத்தினாலும் போன் பதிவு பாதியில் அறுந்துவிடும். டிரோனுக்குள் இருக்கும் பதிவுக்கு ஒன்றும் ஆகாது.

அப்படித்தான் நடந்திருந்தது. மூன்றாவது பறப்பின்போது அந்தப் பெண்ணுக்குப் போன் அழைப்பு வந்து செயலி நின்றுபோயிருந்தது. டிரோனின் மெமரி கார்டைக் கழற்றிக் கணினியில் போட்டுப் பார்த்தபோது மூன்று கோப்பும் இருந்தன. ஆர்டுபைலட் என்ற பொது மென்பொருளில் ஓடும் டிரோன்களில் இந்தக் கோப்புகள் வரிசை எண்ணோடு 'லாக்ஸ்' என்ற உறையில் இருக்கும். மூன்றாவது கோப்பின் கடைசிச் சில நொடிகள் மட்டும் இல்லை. இறங்கியதும் மோட்டாரை முறைப்படி நிறுத்தாமல் பேட்டரியைப் பிடுங்கினால் கோப்பின் வால் அறுந்துபோகும். மீதியைப் படிக்கத் தடை ஒன்றும் இல்லை.

மெமரி கார்டிலும் கோளாறு வரும். கார்டு நிரம்பியிருக்கலாம், பழுதாகியிருக்கலாம், மலிவான போலிக் கார்டாக இருக்கலாம். பதிவு எழுத முடியவில்லை என்று திரையில் எச்சரிக்கை வந்தால் அதை ஒதுக்கிவிட்டுப் பறக்கவிடக் கூடாது. இடம் குறைந்தால் பழைய கோப்புகளைத் தானாக அழித்துப் புதியதை எழுதும்படி பல கருவிகள் அமைக்கப்பட்டிருக்கும். அதனால் அந்தந்த நாள் பதிவை அன்றைக்கே வேறொரு இடத்தில் நகல் எடுத்து வைக்க வேண்டும். கார்டைச் சுத்தம் செய்கிறேன் என்று நகல் எடுக்காமல் அழித்துவிடக் கூடாது.

பத்தேகால் என்பது எந்த அளவு?

பிரெஞ்சு ஆட்சியின் தடம் புதுச்சேரி நில ஆவணங்களில் இன்றும் இருக்கிறது. பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஆர், சென்டியர் என்று எழுதப்படுகிறது. ஊரில் பேசுவது காணி, குழி. எல்லை தாண்டினால் விழுப்புரம் மாவட்டத்தில் ஏக்கர், சென்ட். இந்தப் பக்கம் எல்லை வயலுக்கு வயல் மாறும். இதற்கு நடுவே டிரோன் செயலி வேறொரு அளவைக் கொண்டுவந்தது. அதன் பெயர் 'மூ'. சீனத்து நில அளவை. அங்கே தயாரான கட்டுப்பாட்டுக் கருவிகளின் செயலியில் மாற்றாமல் விட்டால் இந்த அளவே வரும்.

ஒரு மூ என்பது சுமார் 667 சதுர மீட்டர். ஆறு மூ சேர்ந்தால் ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. நம் ஊர்க் கணக்கில் ஒரு குழி 576 சதுர அடி, 100 குழி ஒரு காணி. ஒரு காணி 1.32 ஏக்கர், அதாவது 53.5 ஆர். மூவில் சொன்னால் ஒரு காணி ஏறத்தாழ 8 மூ. இதை டிரோன் கூலிக்குப் பேசுபவர்கள் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது கணக்கு புரிந்தது. முதல் இரண்டு பறப்பில் 10.3 மூ. கார்டில் கிடைத்த மூன்றாவது பறப்பில் 5.1 மூ. மொத்தம் 15.4 மூ. இரண்டு காணி என்றால் 16 மூ வர வேண்டும். 0.6 மூவுக்குக் கொஞ்சம் அதிகமாகக் குறைகிறது. குழிக் கணக்கில் அது எட்டுக் குழி.

ஆக இருவர் சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது. அவர் மூன்று முறை பறந்து அடித்தது நிஜம். நடுவே மருந்து படாத இடம் இருப்பதும் நிஜம்.

விடுபட்டது ஏன்?

வயல் 107 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம். டிரோன் ஒரு ஓட்டத்தில் 4 மீட்டர் அகலத்துக்குத் தெளிக்கும்படி அமைத்திருந்தார்கள். அப்படியானால் 25 ஓட்டம் வேண்டும். பதிவில் பறப்புக்கு எட்டு ஓட்டமாக 24 தான் இருந்தது. வரைபடத்தில் பார்த்தபோது 16-வது ஓட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் இடைவெளி இரட்டிப்பாக இருந்தது. தொட்டி ரொப்பி, பேட்டரி மாற்றித் திரும்பியபோது 17-வது வரிசையில் தொடங்காமல் 18-ல் தொடங்கிவிட்டார்.

பத்து லிட்டர் தொட்டி சுமார் ஒரு ஏக்கருக்குத்தான் வரும். காணி அதைவிடப் பெரியது. எனவே காணிக் கணக்கில் நிலம் வைத்திருப்பவர் வயலில், நடுவில் நிறுத்தித் திரும்பத் தொடங்கும் இடம் எப்படியும் வரும். விடுபடுவது பெரும்பாலும் அங்கேதான். நிறுத்திய இடத்தில், வரப்பின் இரு முனையிலும் ஒரு மூங்கில் குச்சியில் துணி கட்டி நட்டால் போதும். சாதாரண ஜி.பி.எஸ். சில மீட்டர் தள்ளிக் காட்டக்கூடியது. நான்கு மீட்டர் பட்டையை அதை மட்டும் நம்பிப் பிடிக்க முடியாது. ஆர்.டி.கே. என்ற துல்லியக் கருவி இருந்தால் சென்டிமீட்டர் அளவில் சொல்லும். அது இல்லாத இடத்தில் குச்சியே சாட்சி.

கேமரா டிரோனின் சாட்சி

"பதிவுல இருக்கற இடைவெளியும் நம்ம படத்துல வெளுத்த இடமும் ஒண்ணுதானா?" என்று கேட்டார் விவசாயி. நியாயமான கேள்வி. அதற்குக் கேமரா டிரோனின் பதிவு வேண்டும். தம்பியின் போனில் அது இல்லை. "செயலி மக்கர் பண்ணுச்சுன்னு அழிச்சுட்டுத் திரும்பப் போட்டேன் மாமா, எல்லாம் போயிடுச்சு" என்றார் அவர்.

கேமரா டிரோன் வைத்திருப்பவர்களுக்கு அடிக்கடி வரும் கோளாறு இது. புதிய ஆண்ட்ராய்டு போன்களில் செயலியின் கோப்புகள் அந்தச் செயலிக்கே உரிய உறையில் இருக்கும். செயலியை நீக்கினால் உறையோடு போய்விடும். நீக்குவதற்கு முன் அந்த உறையைக் கணினிக்கு நகல் எடுக்க வேண்டும், அல்லது செயலியில் வசதி இருந்தால் கணக்கில் ஏற்றிவைக்க வேண்டும். பதிவு காணவில்லை என்றால் வேறு இரண்டையும் பார்க்கலாம். வேறு கணக்கில் நுழைந்திருந்தால் பழைய பதிவு தெரியாது. திரையோடு வரும் ரிமோட் என்றால் பதிவு ரிமோட்டில் இருக்கும், போனில் தேடினால் கிடைக்காது.

எல்லாம் போனாலும் படம் இருக்கிறது. கேமரா டிரோன் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த நேரமும் இடமும் உயரமும் எழுதப்பட்டிருக்கும். படத்தின் 'விவரம்' பகுதியைத் திறந்தால் தெரியும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இந்த விவரம் நீங்கிவிடும். மூலப் படத்தையே பார்க்க வேண்டும். தம்பியின் கார்டில் மூலப் படம் இருந்தது. மேற்கு வரப்பிலிருந்து நாடா பிடித்து அளந்தார்கள். வெளுத்த பட்டை 64 மீட்டரில் தொடங்கி 68-ல் முடிந்தது. பதினாறு ஓட்டம் நான்கு மீட்டர் வீதம் 64. பதிவும் படமும் வயலும் ஒன்றாகப் பேசின.

ஒரு கோடு, இரண்டு பொருள்

இங்கே ஒரு எச்சரிக்கை. பதிவில் தெரியும் கோடு டிரோன் பறந்த கோடு. மருந்து விழுந்த கோடு அதுவேதான் என்று சொல்ல முடியாது. பம்பு நின்றிருக்கலாம், தொட்டி காலியாகியிருக்கலாம், நாசில் அடைத்திருக்கலாம். பம்பு ஓடியதும் நின்றதும் பல தெளிப்பு டிரோன்களில் பதிவாகும். ஒரு நாசில் மட்டும் அடைத்திருந்தால் பதிவில் தெரியாது. அதற்கு ஈரம் பட்டால் நீலமாக மாறும் மஞ்சள் சோதனைத் தாள் இருக்கிறது. நாலைந்து இடத்தில் பயிர் உயரத்தில் குச்சியில் செருகி வைத்தால், துளி எங்கே எப்படி விழுந்தது என்பதை அதுவே காட்டும்.

தீர்ந்தது எப்படி?

எட்டுக் குழி என்றால் ஒரு ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு. முதலில் அந்தப் பட்டையில் இறங்கிப் பார்த்தார்கள். இலை சுருட்டுப் புழுவுக்குத் தூர் கட்டும் பருவத்தில் 100 இலையில் 10 இலையும், பூக்கும் பருவத்தில் கொடி இலையில் 100-க்கு 5-ம் சேதமானால்தான் மருந்து தேவை. பட்டைக்குள் சேதம் அதைத் தாண்டியிருந்தது. பட்டைக்கு வெளியே தாண்டவில்லை. எனவே பட்டைக்கு மட்டும் கைத்தெளிப்பானில் அடிப்பது என்று முடிவானது.

இதில் ஒரு கவனம் வேண்டும். ஏக்கருக்கான மருந்தின் அளவு இரண்டு முறையிலும் ஒன்றே, தண்ணீர்தான் வேறுபடும். டிரோனில் ஏக்கருக்குச் சுமார் 10 லிட்டர், கைத்தெளிப்பானில் சுமார் 200 லிட்டர். எட்டுக் குழிக்கு ஏக்கர் மருந்தில் பத்தில் ஒரு பங்கை எடுத்து 20 லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும். டிரோனுக்குக் கலந்த அடர்த்தியில் கைத்தெளிப்பானில் அடித்தால் பயிர் கருகும், அடிப்பவர் உடம்புக்கும் கெடுதல்.

மருந்தை அந்தப் பெண்ணே கொண்டுவந்தார். அடித்தது தம்பி. கூலி பாக்கியை விவசாயி முழுதாகக் கொடுத்தார். "நீ தெரிஞ்சு செய்யலம்மா. எனக்கும் கணக்கு தெரியல" என்றார். "அடுத்த தடவை குச்சி நட்டுட்டுதான் தொட்டி ரொப்புவேன் பெரியப்பா" என்றார் அவர்.

கூலி கொடுக்கும் முன்

நமோ டிரோன் தீதி திட்டத்துக்கு மத்திய அரசு 2023 நவம்பரில் ஒப்புதல் தந்தது. 2024 மார்ச் 11-ல் ஒரே நாளில் 1,000 டிரோன்கள் மகளிருக்கு வழங்கப்பட்டன. இந்தக் கருவி இனி எல்லா ஊர் வரப்புக்கும் வரும். டிரோன் விதிகள் 2021 ஆகஸ்ட் 25 முதல் நடைமுறையில் உள்ளன. அதன்படி டிரோனுக்குப் பதிவு எண் வேண்டும், தெளிப்பு டிரோன் ஓட்டுபவருக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். லாஸ்பேட்டை விமான நிலையம் இருப்பதால், புதுச்சேரியில் பறக்கும் முன் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடத்துக்கு அனுமதி உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கேமரா டிரோனுக்கும் இது பொருந்தும்.

இவற்றோடு, வயல்காரர் டிரோன் கிளம்பும் முன்பே ஐந்தைக் கேட்டு வாங்கலாம். அளவு எந்த அலகில் காட்டுகிறது என்று முதலில் கேளுங்கள், முடிந்தால் ஹெக்டேருக்கோ ஏக்கருக்கோ மாற்றச் சொல்லுங்கள். எத்தனை பறப்பு நடந்தது என்பதை நீங்களும் ஒரு தாளில் குறியுங்கள். தொட்டி ரொப்ப நிறுத்திய இடத்தில் குச்சி நடுங்கள். முடிந்ததும், பறந்த கோடு தெரியும் வரைபடத்தை வரப்பிலேயே திறந்து காட்டச் சொல்லி உங்கள் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மெமரி கார்டுப் பதிவை அடுத்த மருந்து அடிக்கும்வரை அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள்.

இதற்குக் கால் மணி நேரம்கூட ஆகாது. சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதி உழவர் உதவியகத்திலோ, குரும்பாபேட்டில் உள்ள காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்கலாம். போகும்போது நிலப் பட்டாவும் டிரோன் வரைபடத்தின் படமும் கையில் இருக்கட்டும்.

காட்டேரிக்குப்பத்தில் அந்த வயலின் நடு வரிசைக்கு நேராக வரப்பில் நட்ட மூங்கில் குச்சி அப்படியே நிற்கிறது. அறுவடை வரை அதைப் பிடுங்க வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறார் விவசாயி. அந்தப் பட்டையின் நெல்லைத் தனியாக அறுத்து எடை போட்டு, எட்டுக் குழியில் எவ்வளவு குறைந்தது என்று தன் கணக்குப் புத்தகத்தில் எழுதி வைக்கப் போகிறாராம்.